கூழ்வடகமும் இருவழி மீட்டரும்

உள்ளறையிலிருந்து டங், டங் என்று இரண்டு முறை சத்தம் கேட்டது.

கட்டில் கம்பியில் எவர்சில்வர் டம்ளர் மோதும் சத்தம். ஜெயலக்ஷ்மியின் பேனா முனை காகிதத்தைத் தொட இருந்தது. தொடவில்லை. அப்படியே நின்றுவிட்டது.

"என்னங்கம்மா அது?" என்றான் எதிர் நாற்காலியில் இருந்த ஸ்ரீநாத்.

"என் வீட்டுக்காரர். வேண்டாங்கிறார்."

"அவர் ஒண்ணுமே சொல்லலீங்களே?"

"பேசினா அவருக்கு மூச்சு வாங்கும் தம்பி. ஒரு தட்டு தட்டினா சரி. ரெண்டு தட்டினா வேண்டாம். மூணு தட்டினா டீ."

ஸ்ரீநாத் சிரித்தான். நல்ல சிரிப்புதான். கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. மின்சாரக் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவில் வேலை. இதற்கு முன் இரண்டு தடவை வேறு வேறு அதிகாரிகள் இதே காகிதத்தோடு வங்காளத்துப் பெஹாலாவின் இந்தச் சந்துக்குள் வந்து, ஜெயலக்ஷ்மி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போயிருந்தார்கள். தமிழம்மாவிடம் தமிழ்ப் பையனை அனுப்பினால் காரியம் நடக்கும் என்று கம்பெனியில் யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள்.

அந்தக் கணக்கு கிட்டத்தட்ட சரியாகத்தான் வந்தது. ஒரு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்து அவளை ஒரே நிமிடத்தில் சாய்த்துவிட்டான் அவன்.

போட்டோவில் இருந்தது ஜெயலக்ஷ்மியின் மொட்டை மாடி. மாடியில் ஒன்பது சோலார் பேனல்கள். பேனல்களின் மேல் ஈரவேட்டி. வேட்டியின் மேல் வரிசை வரிசையாகக் கூழ்வடகம்.

போன சித்திரையில் அவள் செய்த காரியம் அது. தரையில் காய வைத்தால் பாசியும் புறாவும். பேனலோ தோசைக்கல் மாதிரி சுட்டது; சரிவாக வேறு இருந்ததால் தண்ணீர் வடிந்துவிடும். கூழைக் கெட்டியாகக் கிளறி வட்டம் வட்டமாக ஊற்றி வைத்தாள். தன் சாமர்த்தியத்தில் தானே மயங்கி ஒரு படம் எடுத்தாள். அதைச் சும்மா வைத்திருந்தால் பரவாயில்லை. சோலார் வீட்டுக்காரர்களுக்காகக் கம்பெனியே நடத்தும் வாட்ஸ்அப் குழுவில், 'ஒரே வெயில், இரண்டு அறுவடை' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

"ஒப்பந்தத்துல தெளிவா இருக்குதுங்கம்மா," என்று குரலைத் தாழ்த்திச் சொன்னான் ஸ்ரீநாத். "பேனலை எந்தப் பொருளாலயும் மூடக் கூடாதுன்னு. நீங்க மூடியிருக்கீங்க. கம்பெனி நினைச்சா பழைய ஒப்பந்தத்தையே ரத்து பண்ணலாமுங்க. நாலு வருஷம் கொடுத்த சலுகையைத் திருப்பிக் கேட்கலாம். எனக்கே மனசு கஷ்டமா இருக்குதுங்க. இந்தப் புதுத் திட்டத்துல ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா அந்த போட்டோவை யாரும் பார்க்க மாட்டாங்க."

ஜெயலக்ஷ்மி போட்டோவையே பார்த்தாள். தன் புத்தியால் தன் வீட்டுக்கே கொள்ளி வைத்துவிட்டோமே! அந்தப் பயத்தில்தான் பேனாவை வாங்கினாள்.

டங், டங்.

மறுபடியும் இரண்டு. இந்தத் தடவை பலமாக.

"கொஞ்சம் இருப்பா," என்று சொல்லி ஜெயலக்ஷ்மி எழுந்தாள்.

* * *

அந்தக் காகிதத்தில் அப்படி என்ன இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். விஷயம் ரொம்ப எளிது.

நான்கு வருஷத்துக்கு முன் கம்பெனி ஜெயலக்ஷ்மியோடு இருபது வருஷ ஒப்பந்தம் போட்டது. பகலில் அவள் வீட்டுப் பேனல் உண்டாக்கும் மின்சாரத்தில் மிஞ்சுவது கம்பெனியின் கம்பிக்குப் போகும். இரவில் அவளுக்கு வேண்டியது கம்பியிலிருந்து வரும். போனதையும் வந்ததையும் வாசல் சுவரில் இருக்கும் இருவழி மீட்டர் காட்டும். யூனிட்டுக்கு யூனிட் சரி. மிஞ்சி எடுத்ததற்கு மட்டும் பில்.

இப்போது வந்திருக்கும் புதுத் திட்டம் வேறு. அவள் அனுப்பும் யூனிட்டைக் கம்பெனி மூன்றில் ஒரு பங்கு விலைக்கு எடுத்துக்கொள்ளும். அவள் எடுக்கும் யூனிட்டுக்கு முழு விலை வாங்கும். அதற்கு மேல், கம்பிகளைப் பயன்படுத்துவதற்காக மாதா மாதம் 'கம்பிப் பராமரிப்புக் கட்டணம்'. வெயில் அடித்தாலும் கட்டணம், மழை பெய்தாலும் கட்டணம்.

"என் மாடியிலேர்ந்து போற கரண்டு எங்கே போகுது? பக்கத்து வீட்டு ஃபேனுக்கு. பதினாலு அடி. அந்தப் பதினாலு அடிக்கு நான் வாடகை கட்டணுமா?" என்று முதலில் வந்த அதிகாரியிடம் கேட்டாள் ஜெயலக்ஷ்மி. அவர் டீ நன்றாக இருக்கிறது என்றார்.

பழைய ஒப்பந்தம் உள்ளவர்கள் விருப்பம் இருந்தால் மட்டும் மாறலாம் என்றுதான் விதி. ஆனால் விருப்பத்தை வரவழைக்கத்தான் ஆட்கள் வீடு வீடாக வருகிறார்களே!

புனேயில் இருக்கும் மகள் அக்‌ஷயாகூடப் போனில் சொல்லிவிட்டாள்: "அம்மா, போட்டுத் தொலையேன். சண்டை எதுக்கு? வித்தியாசத்தை நான் அனுப்பறேன்."

"நீ அனுப்புவே. உங்கப்பா உன் காசுல மூச்சு விடுவாரா? கேட்டுப் பாரு," என்று போனை வைத்துவிட்டாள் அவள்.

மூச்சு. ஆமாம், அந்த வீட்டில் மின்சாரம் என்றால் அதுதான் அர்த்தம்.

உள்ளறைக் கட்டிலின் பக்கத்தில் ஒரு பெட்டி. புஸ்ஸ், டக். புஸ்ஸ், டக். இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் ஆக்சிஜன் மெஷின். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கோபாலனின் மூக்குக்குப் போகிறது. முப்பது வருஷம் ஊதித் தள்ளிய சிகரெட் பாதி நுரையீரலைத் தின்றிருந்தது. மீதியை இரண்டாவது கொரோனா அலை தின்றது. இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, எலும்பும் கண்ணுமாக வீடு திரும்பியபோது, "இந்த மெஷின் நிற்கக் கூடாது" என்றார் டாக்டர்.

மெஷின் வந்த முதல் மாதத்து மின்சார பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயலக்ஷ்மி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிய புருஷன் விடும் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு மீட்டர் சுற்றுகிறது என்பது எப்பேர்ப்பட்ட கொடுமை! அன்று அவள் அழுதாள். மறுநாள் அழவில்லை. கையில் கிடந்த ஆறு வளையலையும் கழற்றிக் கடைக்காரரின் தராசில் வைத்தாள். மொட்டை மாடியில் ஒன்பது பேனல் ஏறியது.

மீட்டர் மாட்டிய அன்று கோபாலனைச் சக்கர நாற்காலியில் வாசலுக்குத் தள்ளி வந்து காட்டினாள். "பாருங்க. பகல்ல சூரியன் கொடுக்கறதைக் கம்பெனி வாங்கி வச்சுக்குது. ராத்திரி உங்களுக்குத் திருப்பிக் கொடுக்குது. இனிமே நீங்க விடற மூச்சு என் வளையல்."

கோபாலன் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்: "வளையல்... போட்டப்போ... இவ்வளவு அழகா... இல்லே."

* * *

ஜெயலக்ஷ்மிக்கு இப்போது அறுபத்தொரு வயது. நாகப்பட்டினத்தில் பிறந்து, ஏழு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஹௌரா ஸ்டேஷனில் வந்து இறங்கியவள். அப்பாவுக்குக் கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. அவளுக்கு இருபது வயதானபோது அப்பா மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். அழுது முடிப்பதற்குள் அந்தக் கப்பல் கம்பெனி அவளைக் கூப்பிட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார வைத்தது. தலையில் ஹெட்போன், எதிரில் நூறு ஓட்டை உள்ள பலகை, கையில் வயர். முப்பத்து நாலு வருஷம் அந்த நாற்காலி. தமிழ், வங்காளம், இந்தி, இங்கிலீஷ் என்று நாலு பாஷையிலும் 'கொஞ்சம் லைனில் இருங்கள்' என்று அவள் சொல்வதைக் கேட்கவே சிலர் லைனில் இருந்தார்கள் என்பார்கள்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் வருஷம் ஒரு பெரிய அடி விழுந்தது. இழுவைப் படகு நாளைக்கு வேண்டாம் என்று ஒரு ஏஜென்ட் போனில் சொன்னான். அவள் அதை அப்படியே உரிய இடத்துக்குச் சொன்னாள். மறுநாள் படகில்லாமல் கப்பல் ஆற்றில் நின்றபோது அந்த ஏஜென்ட், "நான் சொல்லவே இல்லையே, அந்தப் பொண்ணு என்னத்தைக் கேட்டாளோ!" என்று கையை விரித்துவிட்டான். இருபத்து மூன்று வயதுப் பெண், பத்துப் பேர் நடுவில், தலை குனிந்து நின்றாள்.

அன்றைக்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் அவள் திருப்பி வாசிக்காமல் விட்டதில்லை. "மறுபடி வாசிக்கிறேன். பெயர் இன்னார். பதவி இன்னது. நேரம் இவ்வளவு. நீங்கள் சொன்னது இது. சரியா?" எதிர்முனை 'சரி' என்று சொன்னால்தான் சேதி. சொல்லாவிட்டால் அது வெறும் சத்தம். பெரிய பெரிய கேப்டன்களெல்லாம் அந்த 'சரியா'வுக்குக் கட்டுப்பட்டார்கள்.

கட்டுப்படாமல் விளையாடியது ஒரே ஒரு ஆள். துறைமுகத்தில் எட்டாம் நம்பர் சரக்கு ஷெட்டில் கிளார்க்காக இருந்த கோபாலன். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு போன் செய்து மணி என்ன என்று கேட்பார். கையில் வாட்ச் கட்டிய மனுஷன்!

"மறுபடி வாசிக்கிறேன். பெயர் கோபாலன். பதவி ஷெட் கிளார்க். நேரம் நாலு மணி. மணி என்ன என்று கேட்டீர்கள். சரியா?"

"சரி."

ஒன்றரை வருஷம் இப்படி நடந்தது. ஒரு நாள் அவர் வேறு ஒன்று கேட்டார். பழக்கதோஷம், அவள் வாய் தானாக ஓடியது: "மறுபடி வாசிக்கிறேன். பெயர் கோபாலன். பதவி ஷெட் கிளார்க். நேரம் நாலு இரண்டு. என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள விருப்பம் என்று சொன்னீர்கள்..." அங்கே குரல் நின்றுவிட்டது. எக்ஸ்சேஞ்சில் இருந்த மற்ற மூன்று பெண்களும் வயரைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு முடித்தாள். "சரியா?"

"சரி," என்றது எட்டாம் நம்பர் ஷெட்.

* * *

"கையெழுத்துப் போடாட்டா கம்பெனி ஒப்பந்தத்தையே ரத்து பண்ணிடுமாம்," என்று கட்டிலருகே குனிந்து கிசுகிசுத்தாள் ஜெயலக்ஷ்மி. "தப்பு என் மேலதாங்க. வடகம் காய வச்சேனே, அது தப்பாம். ஒப்பந்தத்துல இருக்காம்."

கோபாலன் தலையை ஆட்டினார். விரலால் அலமாரியைக் காட்டினார். உதடு அசைந்தது.

"பதினாலு..."

"என்னங்க?"

"பக்கம்... பதினாலு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் அவருக்கு நாளிதழ் வாசிக்கவும் தெம்பில்லை. பொழுது போகாத மத்தியானங்களில் அவள் கையில் கிடைத்ததையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டுவாள். மருந்துச் சீட்டு, பஞ்சாங்கம், வாஷிங் மெஷின் புத்தகம். அந்த வரிசையில் இந்தச் சோலார் ஒப்பந்தத்தையும், முதல் பக்கத்திலிருந்து கடைசி முத்திரை வரை, இங்கிலீஷில் இரண்டு தடவை வாசித்திருக்கிறாள். அவள் வாசித்து மறந்ததை அவர் படுத்துக் கேட்டு நினைவில் வைத்திருக்கிறார்! வேறு என்ன வேலை அவருக்கு? அவள் குரலைக் கேட்பதுதானே அந்த நாளிலிருந்து அவர் வேலை?

ஒப்பந்தத்தை எடுத்தாள். பதினாலாம் பக்கத்தைப் புரட்டினாள். படித்தாள். அவள் முகத்தில் இருந்த பயம் மெல்ல இறங்கியது. அந்த இடத்துக்கு வேறொன்று ஏறியது.

"இப்போ பாருங்க," என்று அவர் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

டங். ஒரே ஒரு தட்டு.

கூடத்தில் ஸ்ரீநாத் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெயலக்ஷ்மி நாற்காலியை இழுத்து நேர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டினாள்.

"தம்பி, பேனலை மூடக் கூடாதுன்னு இருக்கு. நான் மூடினேன். என் தப்புதான். ஒத்துக்கறேன்."

"அதைத்தானுங்கம்மா நான்..."

"இரு. அதுக்கு அடுத்த வரியை நீ வாசிக்கலையே? வாடிக்கையாளர் தப்பு செய்தால் கம்பெனி எழுத்து மூலமா நோட்டீஸ் கொடுக்கணும். தப்பைச் சரி செய்ய முப்பது நாள் அவகாசம் தரணும். முப்பது நாளுக்குள்ள சரி செய்தால் நடவடிக்கை கிடையாது. கீழே உங்க கம்பெனி முத்திரை. சித்திரை வெயில்ல கூழ்வடகம் காய எத்தனை நாள் ஆகும் தெரியுமா உனக்கு?"

அவன் போட்டோவைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"மூணு நாள். நாலாம் நாள் உரிச்சு எடுத்துட்டேன். உங்க முப்பது நாள்ல இருபத்தேழு நாள் மிச்சம். தப்புக்குச் சாட்சி வேணும்னா டப்பாவுல கொஞ்சம் இருக்கு. பொரிச்சுத் தரட்டுமா?"

உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தட்டும் சத்தமில்லை. மூச்சு வாங்க வாங்க ஒரு மனுஷன் சிரிக்கும் சத்தம்.

"இன்னொண்ணு. அந்தப் படத்துக்குக் கீழே உங்க கம்பெனியே ஒரு சிவப்பு இதயம் போட்டிருக்கு. அழிச்சுடாதீங்க, நான் படம் எடுத்து வச்சிருக்கேன்."

ஸ்ரீநாத்தின் காது சிவந்தது. இருந்தாலும் அவன் விடவில்லை. "சரிங்கம்மா, வடகத்தை விடுங்க. ஊரோட ஒத்துப் போறது நல்லதுங்க. உங்க சந்துல மூணு வீட்டுல பேனல் இருக்குது. மத்த ரெண்டு வீடும் போட்டாச்சு. பக்கத்து வீட்டு தாரா மேடம்கூட வெள்ளிக்கிழமையே போட்டுட்டாங்க. நீங்க ஒருத்தர் மட்டும்..."

தாரா பெயரைக் கேட்டதும் ஜெயலக்ஷ்மிக்கு நெஞ்சில் முள் தைத்தது. இருபத்தைந்து வருஷச் சிநேகிதி, பௌதி என்று, அண்ணி என்று, உரிமையோடு கூப்பிட்டுப் பழகியவள். ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டுவிட்டாளா?

எழுந்து பக்கவாட்டு ஜன்னலைத் திறந்தாள். வெளியே பூஜைப் பந்தலுக்கு மூங்கில் அறையும் சத்தம். அதற்கு மேல் குரல் கொடுத்தாள். டெலிபோன் குரல், எப்போது வேண்டுமானாலும் கூடும், குறையும்.

"தாரா பௌதி! வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டியா நீ?"

எதிர் ஜன்னலில் எண்ணெய் வைத்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது. "போட்டேனே! நீ போட்டுட்டேன்னு சொன்னானே அந்தப் பையன்!" என்று வங்காளத்தில் கத்தினாள் தாரா. அவளுக்கு ஜெயலக்ஷ்மி எப்போதும் 'ஜயாதி', ஜயா அக்கா. "ஜயாதியே போட்டுட்டாங்க, நீங்க என்ன யோசிக்கறீங்கன்னு கேட்டான். ஜயாதி ஒரு காகிதத்தைப் பத்துத் தடவை படிக்காம போட மாட்டாளே, அவளே போட்டுட்டான்னா சரியாத்தான் இருக்கும்னு கண்ணாடிகூடப் போடாம போட்டேன். ஏன், நீ போடலையா?"

ஜெயலக்ஷ்மி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மெதுவாகத் திரும்பினாள்.

"ஓ மா!" என்றாள் தாரா எதிர் ஜன்னலில். அவளுக்குப் புரிந்துவிட்டது. "அந்தப் பையன் அங்கேயா இருக்கான்? பிடிச்சு வை ஜயாதி, அடுப்பை அணைச்சுட்டு வர்றேன்!"

அவன் எதிரில் வந்து நின்றாள். புஸ்ஸ், டக் மட்டும் கேட்டது.

"என் பேரைச் சொல்லியா வாங்கினே?" என்றாள் ஜெயலக்ஷ்மி. கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அம்மா, எனக்கு மேல இருக்கறவங்க..."

"மேல இருக்கறவங்களைக் கூப்பிடு. போன்ல கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு."

அவன் வேறு வழியில்லாமல் மேலதிகாரியை அழைத்தான். ஜெயந்த் என்று பெயர். நிலைமையை இங்கிலீஷில் முணுமுணுத்தான். எதிர்முனையில் பொறுமை இல்லாத குரல் ஒன்று வங்காளத்தில் பொரிந்தது. ஸ்பீக்கரில் போட்டிருப்பது அந்தக் குரலுக்குத் தெரியாது.

"இன்னும் அந்த மதராஸி அம்மா வீட்டுலேயா உட்கார்ந்திருக்கே? சொல்லிடு. இன்னிக்குக் கையெழுத்து இல்லேன்னா திங்கட்கிழமை ஆள் வந்து இருவழி மீட்டரைக் கழற்றிட்டு சாதா மீட்டர் மாட்டுவான். அப்புறம் அவங்க மாடிக் கரண்டெல்லாம் நமக்கு இனாம். நோட்டீஸா? நோட்டீஸ் எல்லாம் யார் கேட்கப் போறாங்க!"

தாரா வாசலில் வந்து நின்றிருந்தாள், கையில் கரண்டியோடு. அவளும் கேட்டாள்.

ஜெயலக்ஷ்மி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். ஏழு வருஷமாக ஓய்விலிருந்த அந்தக் குரல், ஹெட்போன் மாட்டிய பழைய குரல், தெளிந்த வங்காளத்தில் எழுந்தது.

"வணக்கம். நான் ஜெயலக்ஷ்மி பேசுகிறேன். நீங்கள் சொன்ன சேதியை மறுபடி வாசிக்கிறேன், கேளுங்கள். பெயர் ஜெயந்த். பதவி சொல்லுங்கள்."

"யாரு... டெபுடி மேனேஜர். யாரு இது?"

"பதவி டெபுடி மேனேஜர். நேரம் பதினொன்று நாற்பத்து மூன்று. உடனிருந்து கேட்டவர்கள், உங்கள் ஊழியர் ஸ்ரீநாத், பக்கத்து வீட்டு தாரா. சேதி இது. இன்று கையெழுத்துப் போடாவிட்டால் திங்கட்கிழமை நோட்டீஸ் இல்லாமல் மீட்டரைக் கழற்றுவீர்கள். என் வீட்டு மின்சாரத்தை இனாமாக எடுத்துக்கொள்வீர்கள். இந்த வீட்டில் ஆக்சிஜன் மெஷினில் ஒருவர் மூச்சு விடுகிறார் என்பது உங்கள் பதிவேட்டில் இருக்கிறது. மருத்துவச் சான்றிதழோடு நானே நேரில் வந்து கொடுத்தேன். அது தெரிந்தும் கழற்றுவீர்கள். சரியா?"

போனில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது.

"சரி என்றால் சரி என்று சொல்லுங்கள் சார். எழுதி மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். தப்பாக எழுதிவிடக் கூடாது பாருங்கள்."

"நான் அப்படிச் சொல்லலை," என்றது குரல். பொரிந்த குரல் இப்போது கரகரத்தது. "நான் என்ன சொல்ல வந்தேன்னா... இது விருப்பத் திட்டம்தான்..."

ஜெயலக்ஷ்மியின் கண்ணில் ஒரு மின்னல். நான் சொல்லவே இல்லையே! முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அவளைப் பத்துப் பேர் நடுவில் தலை குனிய வைத்த அதே வார்த்தை. அன்று அவள் கையில் ஒன்றுமில்லை.

"திருத்தி வாசிக்கிறேன். பெயர் ஜெயந்த். பதவி டெபுடி மேனேஜர். நேரம் பதினொன்று நாற்பத்தைந்து. இது விருப்பத் திட்டம். விருப்பமில்லாதவர்களின் பழைய ஒப்பந்தம் அப்படியே இருக்கும். திங்கட்கிழமை யாரும் வர மாட்டார்கள். சரியா?"

மூங்கில் அறைபவர்கள்கூட நிறுத்தியது போல இருந்தது.

"சரி," என்றது போன். லைன் அறுந்தது.

டங்!

ஒரே தட்டுதான். ஆனால் அந்த டம்ளர் நெளிந்தே போயிருக்கும்.

தாரா கரண்டியை நீட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். "என் காகிதத்தை எடு. இப்போவே கிழிக்கறேன்."

"ஆபீஸ்ல கொடுத்தாச்சுங்க," என்று தமிழும் இந்தியும் கலந்து உளறினான் ஸ்ரீநாத்.

"கவலைப்படாதே பௌதி. பொய் சொல்லி வாங்கின கையெழுத்துன்னு நாளைக்கே எழுதிக் கொடுப்போம். நான் எழுதறேன், நீ கண்ணாடி போட்டுப் படிச்சுட்டுப் போடு. அந்த மூணாவது வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டுப் போலாம்," என்றாள் ஜெயலக்ஷ்மி.

பிறகு மேஜையில் கிடந்த சம்மதப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவின் மூடியைத் திறந்தாள். ஸ்ரீநாத் ஒரு கணம் நம்பிக்கையோடு பார்த்தான், பாவம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்தாள். மேலே எழுதினாள்: 'முழுவதும் படித்தேன். சம்மதம் இல்லை. ஜெயலக்ஷ்மி. டெலிபோன் ஆபரேட்டர். பகல் 11.52.'

"ஓய்வு பெற்றன்னு போடலீங்களே?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டான் அவன்.

"இன்னிக்கு வேலை பார்த்தேனே."

அவன் காகிதத்தைப் பையில் வைத்தான். வடகப் போட்டோவை மேஜையிலேயே விட்டுவிட்டான். வாசலில் செருப்பு மாட்டும்போது தலை நிமிராமல், "நானும் சம்பளத்துக்கு வேலை செய்யறவன்தானுங்கம்மா," என்றான்.

"நானும் முப்பத்து நாலு வருஷம் சம்பளத்துக்குத்தான் செய்தேன். ஒருத்தர் பேரை இன்னொருத்தர் வீட்டுல வித்ததில்லே."

அவன் படியிறங்கினான். சுவரில் இருவழி மீட்டரின் சின்னச் சிவப்பு விளக்கு மின்னி மின்னி எரிந்தது. நல்ல வெயில், அவள் மாடியிலிருந்து மின்சாரம் வெளியே போய்க்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்காமல் சந்துக்குள் நடந்தான்.

உள்ளேயிருந்து டங், டங், டங் என்று மூன்று முறை கேட்டது.

"வர்றேங்க!" என்றாள் ஜெயலக்ஷ்மி. கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டாள்.